காற்று வாங்கிய கார்

குக்கரில் பருப்பை வைத்து மூடியதும் உடனே வெயிட்டைப் போட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். மூக்கு வழியாக ஆவி 'புஸ்'ஸென்று ஒரே சீராக வரும்வரை காத்திருப்பீர்கள். அதற்கப்புறம்தான் வெயிட். ஏன் என்று கேட்டால், "எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள்" என்பீர்கள். அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் அம்மாவின் வழக்கத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. குக்கருக்குள் ஆவி மட்டும் நிறைந்திருந்தால்தான் சூடு சரியாக ஏறும். உள்ளே தங்கிவிட்ட காற்றும் ஆவியோடு கலந்திருந்தால், வெயிட் என்னவோ ஆடும். சூடு மட்டும் ஒரு படி குறைவாகவே இருக்கும். பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே முதலில் காற்றை வெளியே துரத்துகிறோம்.

காற்றைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது இல்லாமல் நாம் யாரும் இல்லை. ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டால் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாள் டிரிப் ஏற்றுமுன் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட்டு ஓடிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. "மோட்டார் காத்து வாங்குது" என்பார் தோட்டக்காரர். மோட்டார் காரிலும் இப்படி ஓர் இடம் உண்டு. அதுதான் கிளட்ச். அதற்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும், அதை எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

சமையல் குறிப்புப் பக்கத்தைத் தேடி வந்த வாசக சகோதரிகள், வழி தவறி மோட்டார் ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திகைக்க வேண்டாம். இன்றைக்கு நம்மில் எத்தனையோ பேர் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே ஆபீசுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகிறோம். காலடியில் இருக்கும் சங்கதியைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

எங்கள் வீடு மதுரையில். வாரத்தில் ஆறு நாளும் நான்தான் காரை ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டீரிங் சக்கரம் என் கணவர் கைக்குப் போய்விடும். இது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கிளட்ச் பெடல் வழக்கம்போல் இல்லை என்று என் காலுக்குத் தோன்றியது. முதலில் மெத்தென்று இறங்கி, கொஞ்ச தூரம் போன பிறகுதான் பிடித்தது. உடனே ஓர் ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பையன் முன்மூடியைத் திறந்து, ஒரு டப்பாவில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி மூடினான். "சரியாப் போச்சு மேடம்" என்றான். பெடலும் அப்போதைக்கு ஒருவாறு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் புறப்பட்டோம். நாங்கள் இரண்டு பேர், குழந்தைகள் இரண்டு பேர், என் மாமியார், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை. உசிலம்பட்டியில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று முதல் கியர் போட்டபோது 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. "கியர் பெட்டி பழசாகிவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னார் என் கணவர். கணவாயைக் கடந்து, ஆண்டிபட்டியைத் தாண்டி அணைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வைகை அணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1959-ஆம் ஆண்டு முதலமைச்சர் காமராஜ் திறந்துவைத்த அணை இது. அப்போது இந்தப் பகுதி மதுரை மாவட்டம். 1996-ல்தான் தேனி தனி மாவட்டமாயிற்று. அணையில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு, கேரள மலையில் பிறந்து மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டியது. பென்னிகுக் என்ற எஞ்சினீயர் 1895-ல் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து, அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கை நனைத்துக்கொண்டு அது வைகைக்கு வந்து சேருகிறது. இன்றைக்கும் லோயர் கேம்ப் பக்கம் போனால், மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் இறங்கி வருவதைக் காணலாம். மலைமேலிருந்து அவற்றின் வழியாகப் பாய்ந்து வரும் தண்ணீரின் அழுத்தம் கீழே மின்சார யந்திரங்களைச் சுழற்றுகிறது.

இந்த அணைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிடாது. முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் ஆற்றங்கரைக்காரர்கள் அதைக் கேட்டு உஷாராகிவிடுவார்கள்.

கிளட்சும் அப்படியே மூன்று முறை எச்சரிக்கும் என்பது அன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது. பெடல் மெத்தென்று இறங்குவது முதல் எச்சரிக்கை. கியர் போடும்போது கர்ரென்று பல்லைக் கடிப்பது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது, மாலை நாலரை மணிக்கு வந்தது.

பூங்காவில் குழந்தைகள் ஆடித் தீர்த்தாயிற்று. அணை மீன் வறுவலை ஒரு கை பார்த்தாயிற்று. எல்லோரும் காரில் ஏறினோம். பின்னால் எடுக்க ரிவர்ஸ் கியர் போட்டார் என் கணவர். கியர் விழவே மாட்டேன் என்றது. பெடலை மறுபடி மிதித்தார். மிதித்த பெடல் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. கால்விரலால் நெம்பினால்தான் மேலே வந்தது.

காற்று வாங்கலாம் என்று நாங்கள் அணைக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் எங்கள் வண்டி காற்று வாங்கிவிட்டது!

நம் ஊரில் ஒரு கார் நின்றுவிட்டால் போதும், நாலு நிபுணர்கள் எங்கிருந்தோ முளைத்துவிடுவார்கள். "இரண்டாம் கியரில் போட்டுவிட்டுத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும். அப்படியே கிளட்ச் இல்லாமலே மதுரைக்கு ஓட்டிவிடலாம்" என்றார் ஒருவர். என் கணவர் முகத்தில் வீரக்களை படர்ந்தது. பின் ஸீட்டிலிருந்து என் மாமியார் ஒரே வார்த்தையில் அதைத் துடைத்துவிட்டார். "இருட்டப் போகுது. கணவாய்ல முன்னாடி போற லாரி திடீர்னு நின்னா என்ன செய்வே? பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்த விளையாட்டெல்லாம் வேணாம்." அதோடு அந்த யோசனை முடிந்தது.

மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மாள் தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தாள். அரை மணியில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் அவர். முப்பது வயதுகூட இருக்காது. வந்தவர் கியரைத் தொடவில்லை. முன்மூடியைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லை வைத்துவிட்டு, விளக்கோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது விரலில் ஈரம் பளபளத்தது.

"அக்கா, இந்த டப்பால எப்ப ஆயில் ஊத்துனீங்க?"

"வெள்ளிக்கிழமை ஊற்றினார்கள்."

"ரெண்டு நாள்ல கிளட்ச் பங்கு பூராவும் காலி. ஊத்துன ஆயில் எங்கிட்டுப் போச்சுன்னு அவங்க பாக்க வேணாமா? கீழ வாசர் கிழிஞ்சு ஒழுகுது. ஆயில் எறங்க எறங்க காத்து உள்ள போயிருச்சு. வாசரை மாத்தி, காத்தை எடுக்கணும். வெறும் காத்தை மட்டும் எடுத்துவிட்டா, இந்தா ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள திரும்பப் படுத்துக்கிரும்."

வாஷரும் ஆயிலும் வாங்கி வர என் கணவர் மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிளிலேயே தேனிக்குப் போனார். அவர் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பத்திரிகைக்காரிக்கு வேறு என்ன தெரியும்? அவர் சொன்னதையும், நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு ஒரு கையைத் திருப்புங்கள். மற்றக் கையும் கூடவே திரும்பும். கைகளைச் சற்று விலக்கினால், ஒன்று திரும்பும், மற்றது சும்மா இருக்கும். கிளட்ச் என்பது இவ்வளவுதான். ஒரு கை எஞ்சின். மற்றது சக்கரத்துக்குப் போகும் கியர் பெட்டி. இரண்டையும் வலுவான ஸ்பிரிங் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாம் பெடலை மிதித்தால் பிரிகின்றன. பிரிந்திருக்கும்போதுதான் கியரை மாற்ற முடியும். பிரியாவிட்டால் கர்ரென்ற சத்தம்தான்.

காலால் மிதிப்பதை அந்த ஸ்பிரிங் வரைக்கும் கொண்டுபோவது எப்படி? சில கார்களில் இரும்புக் கம்பி இழுக்கும். 1983-ல் வந்த மாருதி 800-ல் கம்பிதான். அதில் காற்று எடுக்கும் பேச்சே இல்லை. வேறு கார்களில் ஒரு திரவம் அந்த வேலையைச் செய்கிறது. 1958-லிருந்து 2014 வரை நம் தெருக்களில் ராஜாவாக வலம் வந்த அம்பாஸடர் இந்த ஜாதி. இப்போது வரும் கார்களிலும் பல இந்த ஜாதிதான். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலிண்டர். அதற்கு மாஸ்டர் என்று பெயர். கியர் பெட்டிக்கருகில் இன்னொரு சிலிண்டர். அதற்கு ஸ்லேவ், அதாவது அடிமை, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கிறது. எஜமானன் தள்ளினால் அடிமை நகரவேண்டும்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை எடுத்துச் சொன்னார். 1795-ல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இதே தத்துவத்தில் ஒரு பெரிய அழுத்து யந்திரம் செய்தார். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் இதை மோட்டார் காரின் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921-ல் டூசன்பர்க் என்ற காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது. அதே ஏற்பாடு பிறகு கிளட்சுக்கும் வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தொடங்கியது. அதில் பங்குகொண்ட டி.வி.எஸ். நிறுவனம் 1911-ல் மதுரையில் பிறந்தது என்பதை எங்கள் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இப்போது ஒரு கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சின்னக் கணக்குத்தான். வைகை அணையில் 71 அடித் தண்ணீர் நிற்கும்போது, அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் இருக்கும். நீங்கள் கிளட்ச் பெடலை 10 கிலோ பாரத்தில் மிதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்காக்கினால் 50 கிலோ. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 2 சதுர சென்டிமீட்டர்தான் என்றால், குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ! அணையின் அடியில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தத்தை உங்கள் இடது கால், செருப்போடு, நாள் முழுக்க உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் யாராவது உங்களைச் சாதாரணமாக நினைத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அந்த அழுத்தத்தில் திரவம் சுருங்காது என்றே சொல்லலாம். காற்று சுருங்கும். 25 கிலோ அழுத்தத்தில் காற்றுக் குமிழி இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒடுங்கிவிடும். மாஸ்டர் பிஸ்டன் 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் அது தள்ளும் திரவமே 6 மில்லிதான். ஒரு பாலாடை கூட நிரம்பாது. அதில் 2 மில்லி அளவு காற்று புகுந்துவிட்டால், உங்கள் மிதியில் மூன்றில் ஒரு பங்கு அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். மிச்சம்தான் அடிமைக்குப் போய்ச் சேரும். அது முழுத் தூரமும் நகராமல் நின்றுவிடும். கிளட்ச் பிரியாது. அவ்வளவு சின்ன அளவிலேதான் அத்தனை பெரிய சங்கடம் இருக்கிறது.

நான் இதையெல்லாம் மெதுவாகப் புரிந்துகொண்டிருக்கும்போது, என் மாமியார் எனக்கு முன்னால் புரிந்துகொண்டுவிட்டார். முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"தம்பி, இது டிரிப் குழாய்ல காத்து எடுக்கிற மாதிரிதானே? குமிழி வரைக்கும் திரவத்தை ஓடவிட்டு, அப்புறம் அடைக்கணும். அங்க காத்துப் போனா ஆளுக்கு ஆபத்து, இங்க வண்டிக்கு."

"அதேதான் பெரியம்மா! எங்க பட்டறைக்கு வந்துருங்க" என்றார் மெக்கானிக். மாமியார் அதற்கப்புறம் வண்டியை விட்டு நகரவில்லை.

என் கணவர் திரும்பி வந்தார். மெக்கானிக் கீழே படுத்து, ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றித் துடைத்துப் புது வாஷரைப் போட்டு மாட்டினார். பிறகு, "காத்து எடுக்க ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் பெடல் மிதிக்கணும். வண்டிய தினமும் ஓட்டுறது யாரு?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் மௌனம். குழந்தைகள் இரண்டும் என்னைக் காட்டின.

"அப்ப அக்கா உக்காரட்டும். அண்ணே, நீங்க வெளிச்சம் புடிங்க. பழகுன காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் அங்கே முறிந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

முறை இதுதான். ஸ்லேவ் சிலிண்டரில் ஒரு சின்னத் திருகு உண்டு, நிப்பிள் என்பார்கள். அதில் ஒரு கண்ணாடி நிற டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயிலுள்ள பாட்டிலில் முக்கி வைக்கிறார்கள். மேலே டப்பாவில் ஆயிலை நிரப்புகிறார்கள். பிறகு கீழே இருப்பவர் சொல்லச் சொல்ல, மேலே இருப்பவர் செய்யவேண்டும்.

"மிதிங்க."

மிதித்தேன். பெடல் தரை வரை போயிற்று. "மிதித்தாயிற்று" என்றேன்.

"அப்படியே புடிச்சுக்கங்க."

அவர் நிப்பிளைத் திறந்தார். பாட்டிலில் 'குபு குபு'வென்று நுரையும் குமிழியும் வந்தன. நிப்பிளை மூடினார்.

"இப்ப விடுங்க."

இந்த மூன்று சொற்களுக்கும் வரிசை மாறக்கூடாது. அவர் மூடுமுன் நான் காலை எடுத்துவிட்டால், பெடல் மேலே வருகிற வேகத்தில் வெளியே போன காற்றையே திருப்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, சில மிதிகளுக்கு ஒருமுறை மேல் டப்பாவில் ஆயில் இருக்கிறதா என்று பார்த்து ஊற்றவேண்டும். அது காலியானால் மேலிருந்து புதுக் காற்று புகுந்துவிடும். என் மாமியார் அந்த உத்தியோகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். "ஆயில் பெயிண்ட் மேல சிந்தாம பாத்துக்கங்க பெரியம்மா, பெயிண்டைத் தின்னுரும்" என்று மெக்கானிக் எச்சரித்தார். முப்பது வருஷம் மருந்து ஊற்றிய கை. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நிப்பிள் தெரியாது, பாட்டில் தெரியாது, குமிழி தெரியாது. கீழேயிருந்து வரும் குரல் ஒன்றுதான் ஆதாரம். மிதிங்க, புடிங்க, விடுங்க. பத்துப் பன்னிரண்டு தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி வந்தது.

"குமிழி நின்னுருச்சு. முடிஞ்சதுக்கா" என்று குரல் வந்தது. என் கணவரும் குனிந்து பார்த்து, "ஆமாம், சுத்தமாக வருகிறது" என்றார்.

என் கால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மேல் பாகத்தில் இன்னும் ஒரு விரற்கடை மெத்தென்று இருந்தது. வெள்ளிக்கிழமை இருந்த அதே மெத்து. சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்தேன். தொழில் தெரிந்தவர் முடிந்தது என்கிறார். பக்கத்தில் பார்த்தவர் ஆமாம் என்கிறார். ஒன்றையும் பார்க்காத நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை ஒர்க்ஷாப்பில் "சரியாப் போச்சு மேடம்" என்ற குரல் ஞாபகம் வந்தது.

"தம்பி, மேலே இன்னும் மெத்தென்று இருக்கிறது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்வார் என்று எண்ணினேன். "அப்படியா? எந்திரிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். ரப்பர் குழாய் ஓரிடத்தில் மேலே வளைந்து இறங்குகிறதல்லவா? அந்த வளைவில் ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டினார். இன்னும் மூன்று மிதி. மூன்றாவதில், "வந்துருச்சு!" என்று என் மகள் கத்தினாள். துவரம்பருப்பு அளவில் ஒரே ஒரு குமிழி டியூப் வழியாக உருண்டு வந்து பாட்டிலில் மறைந்ததாம். நான் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த மிதியில் பெடல் மேலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிஞ்சிருக்கு. மிதிக்கிறவங்க வாயத் திறந்து சொன்னாத்தானக்கா கீழ கிடக்கிறவனுக்குத் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார் மெக்கானிக். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரிவர்ஸ் கியரை நாலைந்து தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். சத்தமில்லாமல் விழுந்தது. கீழே விளக்கடித்து, புது வாஷரில் ஈரம் கசியவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் கூலியை வாங்கிக்கொண்டார். மாமியார் மிச்சப் புளியோதரையைத் தூக்கோடு நீட்டினார். அதையும் மறுக்கவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் இந்த வேலைக்கு 'ரத்தம் எடுப்பது' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பட்டறைகளிலும் 'பிளீடிங்' என்ற சொல் புழங்குகிறது. ஆனால் ஆண்டிபட்டிக்காரர் சொன்ன 'காத்து எடுக்கிறது' என்ற பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போகவேண்டியது காற்று, திரவம் அதற்கு வழித்துணையாகப் போகிறது. அவ்வளவுதானே?

இதில் கிளட்சைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில், ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாயைச் சற்று மேலே பொருத்தியிருப்பார்கள். கிளட்ச் பங்கு ஒழுகிப் போனாலும் பிரேக்கின் பங்கு அடியில் மிஞ்சும்படி. எங்களுக்கும் அப்படித்தான் மிஞ்சியது. ஆனால் டப்பாவில் ஆயில் ஏன் குறைந்தது என்று தெரியாமல் வண்டியை எடுப்பது, கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலைப் பூட்டுவது போல.

அந்த ஆயிலின் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஈரத்தை உறிஞ்சும். திறந்து வைத்த அப்பளம் நமுப்பதுபோல் அதுவும் நமுக்கும். டாட் 4 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சூடு தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினபின் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். குமுளி மலைப்பாதையிலோ போடிமெட்டிலோ இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடு ஏறும். நமுத்த ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். அப்போது மெத்தென்று இறங்குவது கிளட்சாக இராது, பிரேக்காக இருக்கும். ஆகையால் பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். எந்த ரகம் என்பது டப்பாவின் மூடியிலேயே போட்டிருக்கும். எஞ்சின் ஆயிலை மட்டும் தப்பித் தவறியும் அதில் ஊற்ற விடாதீர்கள். உள்ளேயுள்ள ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

நீங்களே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழையவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சில புதுக் கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பெட்டிக்கு உள்ளேயே இருப்பதால் அவர்களுக்கே கொஞ்சம் மெனக்கேடுதான். ஆனால் மூன்று காரியம் நம்மால் ஆகும். மாதம் ஒருமுறை முன்மூடியைத் திறந்து அந்த டப்பாவில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்கலாம். வண்டி நின்ற இடத்தில் ஈரத்திட்டு இருந்தால் கவனிக்கலாம். பெடல் நேற்று இருந்ததுபோல் இன்று இல்லை என்று காலுக்குத் தோன்றினால், அதை ஒர்க்ஷாப்பில் கூச்சப்படாமல் சொல்லலாம்.

சொல்லும்போது அவர்கள் டப்பாவைத் திறந்து ஆயிலை ஊற்றிவிட்டு, "சரியாப் போச்சு மேடம்" என்று மூடியை மூடக்கூடும். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். "முன்பு இருந்த ஆயில் எங்கே போயிற்று?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.